முப்பத்தொன்றாம் எண் போல்ட்

சாம்பியன் ரீப்ஸ்,
11 ஜூன் 2023

அன்புள்ள டக்ளஸ் அண்ணனுக்கு,

தங்கை ஜெயசீலி எழுதுவது. தேவ கிருபையால் நான் சுகம். ஹட்டியில் நீங்களும் ஷைலா அண்ணியும் சுகந்தானே? அண்ணியின் முட்டி வலி குறைந்ததா? காது மெஷினை மாட்டுகிறீர்களா, இல்லை வழக்கம்போல டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டீர்களா? போனில் உங்களோடு கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டினதுதான் மிச்சம். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் அடித்த காற்றில் நம் வீட்டுப் பின்புற ஷெட்டின் தகரம் பறந்துவிட்டது. முப்பத்தாறு வருஷமாகத் திறக்காத பூட்டை உடைக்க வேண்டியதாயிற்று. உள்ளே நம் ஆஸ்டின் கார் அப்படியே நிற்கிறது. பழைய இரும்புக்காரர் எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, அன்று மத்தியானமே வந்து நின்றார். அம்மா கடைசியாக உட்கார்ந்த சீட்டை எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் மனோகரைக் கூட்டி வந்து காட்டினேன். ஓட வைத்துவிடலாம் என்கிறார்.

ஓடினால் மட்டும் எனக்குப் போதாது. செய்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி வேண்டும், போல்ட் முதற்கொண்டு. இருபத்துநாலு வருஷமாக விடிகாலை ரயிலில் பெங்களூர் போய், முலாம் போட்ட போல்ட்டுகளைப் பார்த்து 'ரிஜக்ட்' சீல் குத்துகிறவள் நான். என் வண்டியிலேயே தப்பான பூச்சு இருந்தால் எனக்குத் தூக்கம் வருமா? இப்போது பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்கள் எல்லாவற்றையும் பளபளவென்று துத்தநாகத்தில் முக்கி எடுத்துவிடுகிறார்கள். கவரிங் நகை போட்ட கல்யாணப்பெண் மாதிரி இருக்கிறது.

அந்த வண்டியின் ஒவ்வொரு திருகும் உங்களுக்குத்தான் தெரியும். கோலார் தங்க மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாக இருந்தபோது ஆராதனை முடிந்த கையோடு அதன் அடியில்தான் கிடப்பீர்கள். நாற்பது இடங்களுக்கு எண் போட்டுப் பட்டியல் எழுதி, கழற்றினவற்றைப் பார்சலில் அனுப்புகிறேன். போனில் படம் எடுத்தால் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிகிறது. கையில் வைத்துப் பார்த்து, எதற்கு எந்தப் பூச்சு என்று எழுதுங்கள். முன் சக்கரங்கள் இன்னும் கழற்றவில்லை, அவை பட்டியலில் மட்டும் இருக்கின்றன.

ஒன்று. பதிலில் 'அப்பா வண்டி' என்று எழுதாதீர்கள். குடித்துவிட்டு ஓட்டிக் கல்வெர்ட் சுவரில் மோதி அம்மாவைக் கொன்றவருக்கு வண்டி ஒரு கேடா? அது அம்மாவின் வண்டி.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
ஜெயசீலி


ஹட்டி,
2 ஜூலை 2023

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஜெயாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். அண்ணி உன்னை மிகவும் விசாரித்தாள். முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாள். உன் பி.பி. எப்படி? மாத்திரையை விடாதே.

பார்சல் கிடைத்தது. பிரித்ததும் பழைய கிரீஸ் வாசனை வீடெல்லாம் பரவிவிட்டது. டாஷ்போர்டு ஸ்க்ரூக்கள் குரோம் அல்ல, நிக்கல். வெளிச்சத்தில் பிடித்துப் பார், லேசான மஞ்சள் தெரியும். குரோமில் நீலம்தான் தெரியும். பெட்ரோல் குழாய் கிளிப், கார்புரேட்டர் திருகுகள் எல்லாம் காட்மியம். மங்கின வெள்ளையாக, தொட்டால் வழுவழுவென்று இருக்கும். இன்ஜின் போல்ட்டுகளுக்கு முலாமே கிடையாது, இன்ஜினோடு சேர்த்து அடித்த பச்சைப் பெயின்ட்தான். ஸ்பிரிங், ஆக்சில் பக்கம் முழுவதும் எண்ணெயில் சுட்டுக் கறுப்பாக்கியது. மற்றவற்றை உன் பட்டியலிலேயே எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன்.

இத்தனை வருஷம் கழித்து அதை ஓடவிட்டு என்ன செய்யப் போகிறாய் ஜெயா? ரயிலில் போய்வருகிற அலுப்பு உனக்குப் போதாதா? யோசித்துச் செய்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அண்ணன்,
டக்ளஸ்


சாம்பியன் ரீப்ஸ்,
20 ஜூலை 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமே வேண்டுகிறேன். பி.பி. இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

உங்கள் பதிலைப் பார்த்து மனோகர் அசந்துவிட்டார். "இன்னாக்கா, உங்க அண்ணனுக்கு வயசாயும் மூளை புதுசா கீதே!" என்றார். எங்கள் யூனிட்டில் காட்மியம் தொட்டியை மூடிப் பல வருஷமாகிறது. அது உடம்புக்கு ஆகாத சரக்கு. பெங்களூர் பீன்யாவில் உரிமத்தோடு போடுகிற இடம் ஒன்றைத் தேடிப் பிடித்து முப்பது உருப்படிகளைக் கொடுத்தேன். முதல் தடவை வந்ததை ரிஜக்ட் செய்தேன், அவ்வளவு மினுக்கு. இரண்டாம் தடவை சரியாக வந்துவிட்டது.

நாற்பதில் முப்பத்தெட்டுக்கு எழுதிவிட்டு இரண்டை விட்டுவிட்டீர்கள் அண்ணா. 31, 32. இடது முன் சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் சேர்க்கும் இரும்புக் கை இருக்கிறதே, அதைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகள். வலது பக்கத்துக்குக் கறுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இடது பக்கம் காலியாக இருக்கிறது. வயசாகிறது என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

அண்ணிக்கு இங்கிருந்து நல்ல தைலம் அனுப்புகிறேன்.

தங்கை,
ஜெயசீலி


ஹட்டி,
25 ஆகஸ்ட் 2023

பிரியமான ஜெயாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே மழையே இல்லை, வெயில் வாட்டுகிறது. எனக்குக் காதில் இரைச்சல் கூடிவிட்டது. தைலம் வந்தது, அண்ணி சந்தோஷப்பட்டாள். சபையில் என்னை மூப்பராகத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். கூட்டம், கணக்கு என்று வேலை சரியாக இருக்கிறது.

நீ கேட்ட இரண்டும் கறுப்புதான். இப்போதும் மேலே கறுப்பு இருக்கும். அதைக் கழற்றவோ கழுவவோ வேண்டாம். துரு ஏறியிருக்கும், உடைந்துவிடும். இருக்கிற கறுப்பின் மேலேயே ஒரு கை அடித்துவிடு, போதும்.

நான் சொல்வதைக் கேட்பதானால் வண்டியை அந்த இரும்புக்காரருக்கே கொடுத்துவிடு. அம்மாவின் நினைவுக்குப் போட்டோ இருக்கிறது.

அண்ணன்,
டக்ளஸ்


சாம்பியன் ரீப்ஸ்,
10 செப்டம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? எனக்கு நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் வேண்டாம் என்றதற்காகவே கழற்றினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்துநாலு வருஷப் பழக்கம், கழுவாமல் எதையும் பாஸ் பண்ண எனக்குக் கை வராது. 32 நல்ல போல்ட். எண்ணெயில் சுட்ட கறுப்பு, தலையில் எழுத்து அடித்திருக்கிறது, நட்டு கழலாமல் இருக்க முனையில் ஊசி மாட்டும் துளை இருக்கிறது. 31 வளைந்து மாட்டிக்கொண்டிருந்தது. மனோகர் தட்டித் தட்டி எடுத்தார். பெயின்ட் கரைக்கும் திரவத்தில் போட்டேன். கறுப்பு மொத்தமும் தோலாக உரிந்து வந்தது. அது வெறும் பெயின்ட். அடியில் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கட்டிச் சாம்பல் நிறம். தலையில் எழுத்து இல்லை, முனையில் துளை இல்லை.

மனோகர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார். "அக்கா, இது வண்டிக்கு வர்றதே இல்ல. மைன்ஸ் கம்பெனி போல்ட்டு. சொரங்க ஷாஃப்ட்டுல தண்ணி ஒழுகும் பாரு, அங்க கேஜ் எறங்கற கெய்டு ரெயிலுக்குப் போடறது. மெத்து இரும்பு. இத ஸ்டியரிங்குக்குப் போட்டா நட்டு கழண்டுடும், சக்கரம் அது இஷ்டத்துக்குத் திரும்பும். எவன்க்கா போட்டான் இத?"

எவன் போட்டான் என்று நான் சொல்கிறேன். அப்பா. வேறு யார்? மைன்ஸ் போல்ட்டைத் திருடிவந்து மாட்டி, யாருக்கும் தெரியாமலிருக்கக் கறுப்பு அடித்து, அதில் அம்மாவை ஏற்றிக்கொண்டு பங்காருப்பேட்டை கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். விபத்தன்று "ஸ்டியரிங் கேக்கல" என்றார். மறுநாள் போலீஸிடம் "என் கை தவறிடுச்சி" என்று மாற்றினார். அந்த மாற்றிப் பேசினதில்தான் குடித்திருந்தார் என்று ஊரே முடிவு கட்டியது. எனக்கு அப்போது பதினாலு வயசு, நானும் அதையே நம்பினேன். குடி என்றால்கூட ஒரு நேரத்துப் புத்தி மயக்கம். இது தெரிந்தே செய்தது.

நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் நினைவு ஆராதனை. அந்தப் போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சபையில் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அவரை நல்ல மனுஷன் என்று பேச இன்னும் நாலு கிழவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் கேட்கட்டும்.

தங்கை,
ஜெயசீலி


சாம்பியன் ரீப்ஸ்,
28 அக்டோபர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒன்றரை மாதமாகிறது. அண்ணியிடம் போனில் கேட்டேன். நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்களாம், என் கடிதத்தை பைபிளுக்குள் வைத்திருக்கிறீர்களாம்.

அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததெல்லாம் நீங்கள்தான். அவர் எப்போது மாற்றினார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதை மட்டும் எழுதுங்கள். தேதி தவறாமல் சொல்ல விரும்புகிறேன். நவம்பர் 26-க்கு முன் பதில் வராவிட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன்.

தங்கை,
ஜெயசீலி


ஹட்டி,
11 நவம்பர் 2023

ஜெயாவுக்கு,

அப்பாவைப் பற்றிச் சபையில் ஒரு வார்த்தையும் சொல்லிவிடாதே. அதை மாட்டினது நான்.

1987 நவம்பர் 14, சனிக்கிழமை. முன் சக்கரத்துக்குக் கிரீஸ் வைக்கச் சொல்லியிருந்தார். திரும்ப முடுக்கும்போது பலத்தைக் காட்டி அந்தப் போல்ட்டின் மரையைக் கெடுத்துவிட்டேன். சரியானது பெங்களூரில்தான் கிடைக்கும். அப்பா வைண்டர் இன்ஜின் ஓட்டுகிறவர், சுரங்கத்துக்குள் ஒரு கேஜில் அறுபது பேரைக் குலுங்காமல் இறக்குகிற கை. என் அவசரக் கையைப் பற்றி அவர் சொல்லாத நாள் இல்லை. இதையும் கேட்க எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து வரும்போது டிபன் கேரியரில் மைன்ஸ் போல்ட் ஒன்றைப் போட்டுக் கொண்டுவந்தேன். நம் லைன் வீடுகளில் கேட், கட்டில், தொட்டில் கொக்கி எல்லாம் அப்படி வந்தவைதானே. யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை, நானும் நினைக்கவில்லை.

துளைக்குள் அது லேசாக ஆடியது. சாம்பல் நிறம் பக்கத்துப் போல்ட்டோடு சேராமல் பளிச்சென்று தெரிந்தது. ஒர்க்‌ஷாப் கறுப்பை இரண்டு தடவை பூசினேன். அடுத்த லீவில் பெங்களூர் போய் மாற்றிவிடலாம் என்றிருந்தேன். கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அப்பா, "முன் சக்கரம் பாத்தியா டக்ளஸ்?" என்று கேட்டார். "பாத்துட்டேம்பா" என்றேன். அம்மா ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினாள்.

வண்டியை இழுத்து வந்து ஷெட்டில் விட்ட அன்று, அப்பா சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். கட்டைவிரல் நகத்தால் அந்தப் போல்ட் தலையைச் சுரண்டினார். சாம்பல் தெரிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. "ஷெட்டப் பூட்டு. சாவிய என்னாண்ட குடு" என்றார். அதற்குப் பிறகுதான் போலீஸிடம் பேச்சை மாற்றினார். சொல்லியிருந்தால் கம்பெனிப் பொருள் திருடினதற்கு எனக்கு வேலை போயிருக்கும், அம்மா சாவுக்கு ஜெயிலும் கிடைத்திருக்கும். எனக்கு இருபது வயசு. கார் ஓட்டத் தெரியாதவன் கையில் கேஜா என்று அவரை வைண்டரிலிருந்து எடுத்து லாம்ப் ரூமில் விளக்குத் துடைக்கப் போட்டார்கள். சபைக் கமிட்டியில் பெயரை அடித்தார்கள். நீ அவரோடு பேசுவதை நிறுத்தினாய். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நான் அந்த வீட்டில் சாப்பிட்டேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்து, அவர் செத்தும் போனார்.

என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு.

டக்ளஸ்


சாம்பியன் ரீப்ஸ்,
4 டிசம்பர் 2023

அண்ணனுக்கு,

நினைவு ஆராதனையில் நான் வாயைத் திறக்கவில்லை. ஜுரம் என்று சொல்லிப் பாதியில் வந்துவிட்டேன்.

உங்களுக்குத் தண்டனை கொடுக்க நான் யார்? ஒன்று மட்டும் செய்யுங்கள். ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை இங்கே வாருங்கள். போதகரிடம் பேசிவிட்டேன், அறிவிப்புகள் முடிந்ததும் ஐந்து நிமிஷம் தருகிறார். எனக்கு எழுதினதை அப்படியே எழுந்து நின்று சொல்லுங்கள். அப்பாவைத் தெரிந்தவர்கள் சபையில் பதினாலு பேர்தான் மிச்சம். அவர்களும் போய்விட்டால் பிறகு யாரிடம் சொல்வது?

அண்ணியைத் தனியாக விட்டுவர வேண்டாம், கூட்டி வாருங்கள்.

ஜெயசீலி


ஹட்டி,
8 ஜனவரி 2024

அன்புத் தங்கை ஜெயாவுக்கு,

புதுவருஷ வாழ்த்துகள். உடம்பு தேறிவிட்டதா?

வருவதற்கு டிக்கெட்கூட எடுத்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், இந்தக் காதை வைத்துக்கொண்டு கூட்டத்தில் யார் என்ன கேட்கிறார்கள் என்றுகூட எனக்குப் புரியாது. இங்கே நான் மூப்பராக இருக்கிறேன். மைன்ஸ் மூடினபின் என்னைப்போல ஹட்டிச் சுரங்கத்துக்கு வந்த கோலார்காரக் குடும்பங்கள் இந்தச் சபையில் நிறைய. அங்கே பேசினது மறுநாளே இங்கே வந்துவிடும். ஷைலாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அதனால் எழுதியே அனுப்புகிறேன், நீயே வாசித்துவிடு. அப்பா பெயர் சுத்தமானால் போதும்தானே?

"1987 நவம்பர் 25 அன்று நடந்த விபத்துக்கு, ஸ்டியரிங்கில் சரியில்லாத ஒரு போல்ட் இருந்ததே காரணம் என்று இப்போது தெரியவந்திருக்கிறது. சகோதரர் மாணிக்கராஜ் அன்று குடித்திருக்கவில்லை. தம் மனைவி பியாட்ரிஸ் அம்மாளின் மரணத்தில் அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. இதைச் சபையார் அறியவேண்டுகிறோம்."

என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது ஜெயா.

அண்ணன்,
டக்ளஸ்


சாம்பியன் ரீப்ஸ்,
23 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் தேறிவிட்டேன். அண்ணிக்கு முட்டி எப்படி?

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எழுதினதை வாசித்தேன். நாலே வரி, அதில் ஆளே இல்லை. போல்ட் தானாக நடந்து வந்து மாட்டிக்கொண்டது போல இருந்தது. வாசித்து முடித்ததும் டென்சில் மாமா எழுந்தார். அப்பாவோடு வைண்டர் ஓட்டினவர், எண்பத்தொரு வயசு, தடியை ஊன்றி நிற்கவே நேரம் பிடித்தது. "யாரும்மா மாத்துனது அத? மாணிக்கம் மாத்தியிருக்க மாட்டான். கம்பெனி போல்ட்டு எதுக்கு ஆவும், எதுக்கு ஆவாதுன்னு அவனுக்குத் தெரியும்" என்றார்.

உங்கள் பெயரைச் சொன்னேன். அப்பா மறைத்ததையும் சொன்னேன். அண்ணிக்கு இந்நேரம் செய்தி வந்திருக்கும். என்மேல் கோபப்படுங்கள், எனக்கு வருத்தமில்லை.

டென்சில் மாமா உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஊரே தள்ளி வெச்சப்பவும் அப்பன வெச்சி சோறு போட்டவம்மா நீ. உனக்குக் கர்த்தர் குறை வைக்கமாட்டாரு" என்றார்கள். ஆமாம், சோறு போட்டேன். ஏழு வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் தட்டைத் தரையில் தள்ளிவிட்டுப் போவேன். அது அவர்களுக்குத் தெரியாது. சொல்லத்தான் நினைத்தேன். உங்கள் பெயர் தடங்கலில்லாமல் வந்த வாயில் என் பெயர் வரவில்லை. கையைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

மன்னித்தேன் என்று ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் இதை வாசியுங்கள். வேறு யாரிடமும் என்னால் சொல்ல முடியாது.

1994-இல் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாள், நீங்கள் ஷிப்டுக்குப் போயிருந்தீர்கள். பக்கவாதத்தில் அவருக்கு வலது கை விழுந்துவிட்டது, வாய் கோணியிருந்தது. "ஜெயா, தண்ணி" என்று கேட்டார். ஏழு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். டம்ளர் நிறைய ஊற்றினேன். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஸ்டூல் இருந்தது. நான் வலது பக்கத்து ஸ்டூலில் வைத்தேன் அண்ணா. எந்தக் கை விழுந்த கை என்று தெரிந்தே வைத்தேன். வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன். நர்ஸ் கூப்பிட்டு நான் உள்ளே வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். இடது கை உடம்புக்குக் குறுக்கே நீண்டு ஸ்டூல் விளிம்பைத் தொட்டபடி இருந்தது. டம்ளரில் தண்ணீர் குறையவில்லை.

தங்கை,
ஜெயசீலி